கொஹிமா: நாளுக்கு ஒரு குன்று

ஏப்ரல் 3, திமாப்பூர்

கோவையில் விடிவதற்கு முன்பே ஏறிய விவேக் எக்ஸ்பிரஸ், மூன்றாம் நாளான இன்று பிற்பகல் திமாப்பூரில் இறக்கிவிட்டது. தரையில் நின்றாலும் உடம்பு இன்னும் ரயிலோடு ஆடிக்கொண்டிருக்கிறது.

பைக்குள் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 1944 ஏப்ரலின் ஒரு தேதி. அதன் கீழே அன்றைய போர் நிலவரம், ஐந்தாறு வரிகளில். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சுற்றி வளைத்த கொஹிமா முற்றுகையைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து, தேதிவாரியாகப் பிரித்து எழுதிக்கொண்டது. அதே தேதிகளில் அதே இடங்களில் நின்று அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இந்த ஆண்டுதான் அதற்கு விடுப்பு கிடைத்தது.

ஆசைக்கு வேர் வீட்டில் இருக்கிறது. என் தாத்தா 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது ரங்கூனை விட்டு நடந்து வந்தவர். தமு, பாலேல், இம்பால், கொஹிமா வழியாக இறங்கி இந்த நிலையத்தில் ரயிலேறினார். அப்போது இதற்கு ‘மணிப்பூர் ரோடு’ என்று பெயர். சாகும்வரை அவர் திமாப்பூர் என்று சொன்னதில்லை, மணிப்பூர் ரோடு என்றுதான் சொன்னார். அவர் நடந்த அதே சாலைக்காகத்தான் இரண்டே ஆண்டுகளில் இரண்டு படைகள் மோதிக்கொண்டன.

காரணம் இந்த ஊரேதான். 1944-இல் திமாப்பூர் ரயில் முனையைச் சுற்றி 11 மைல் நீளம், 1 மைல் அகலத்துக்குக் கிடங்குகள் விரிந்து கிடந்தன. அரிசி, வெடிமருந்து, பெட்ரோல், மருந்து எல்லாம் இங்கே குவிந்து, கொஹிமா வழியாக இம்பாலுக்கு லாரிகளில் போயின. கொஹிமாவைப் பிடித்தால் இம்பாலின் கழுத்தை நெரிக்கலாம். திமாப்பூரைப் பிடித்தால் பர்மா எல்லைப் படை முழுவதும் பட்டினி கிடக்கும். ஜப்பானியத் தளபதி முதகுச்சி திமாப்பூருக்கே போக விரும்பினார், மேலிடம் ஒப்பவில்லை.

நாளைக் காலை மலையேறுகிறேன். நாகாலாந்துக்குள் நுழையும் அனுமதிச் சீட்டை இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 4, கொஹிமா

74 கிலோமீட்டர். சுமோவில் ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. சுமுகெதிமா தாண்டியதும் மலை ஆரம்பிக்கிறது. மண் சரிந்த இடங்களில் சாலை ஒற்றை வழியாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பக்கம் செம்மண் சுவர், மறுபக்கம் பள்ளம். ஜுப்சா வரும்போது காற்று குளிர்ந்துவிட்டது.

ஊருக்குள் ஓர் அங்காமி நாகா குடும்பத்தின் வீட்டில் அறை. பையை வைத்த கையோடு, வீட்டுக்கார அம்மாவின் மருமகனிடம் கேட்டு தெற்கே கிக்வெமாவுக்குப் போய்விட்டேன். அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஜப்பானியர் இங்கே வந்தது 4-4-1944, பிற்பகல் 3 மணி என்று அந்தக் கிராமத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

நோட்டின் பக்கம் இப்படிச் சொல்கிறது: ஜெனரல் கோடோகு சாடோவின் 31-ஆவது டிவிஷன் மார்ச் நடுவில் சிந்த்வின் ஆற்றைக் கடந்தது. சுமார் 15,000 பேர். ஒவ்வொருவர் முதுகிலும் மூன்று வாரத்துக்கான உணவு, அதற்குமேல் எதுவும் கிடையாது. இந்த மலைகளைத் தாண்டி டிவிஷனின் ஒரு பகுதியான ஒரு ரெஜிமெண்டுக்கு மேல் வர முடியாது என்று எதிர்த்தரப்பு கணக்குப் போட்டிருந்தது. வந்தது முழு டிவிஷன். வழியில் ஜெஸ்ஸாமியிலும் கரசோமிலும் அஸ்ஸாம் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் சில நாட்கள் மறித்து நின்றதால்தான் இன்றைய தேதி வரைக்கும் கொஹிமாவுக்கு அவகாசம் கிடைத்தது. அந்த ரெஜிமெண்ட் தொடங்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

கிராமத்துக் கல்படிகளில் நின்று வடக்கே பார்த்தேன். மேகத்துக்கு நடுவே கொஹிமா முகடு தெரிந்தது. மூன்று வார அரிசியோடு வந்தவர்களுக்கு அது எவ்வளவு பக்கத்தில் தெரிந்திருக்கும்!

ஏப்ரல் 5, கொஹிமா

நிலவரம்: பிரிட்டனின் ராயல் வெஸ்ட் கெண்ட் ரெஜிமெண்டின் 4-ஆவது பட்டாலியன், சுமார் 450 பேர், திமாப்பூரிலிருந்து லாரிகளில் வந்து இறங்குகிறது. இந்தப் படைப்பிரிவின் பிரிகேடு சில நாட்களுக்கு முன்புதான் கொஹிமாவிலிருந்து திமாப்பூருக்குத் திருப்பி அழைக்கப்பட்டிருந்தது. மறுபடி போகச் சொன்னார்கள். வரும்போதே குண்டு விழுகிறது. மருத்துவமனைப் பணியாளர், கிடங்குக் குமாஸ்தா, சமையல்காரர் எல்லாரையும் சேர்த்தால் காவற்படை சுமார் 2,500. அதில் துப்பாக்கி பிடித்துச் சண்டை போடக்கூடியவர்கள் பாதிக்குச் சற்று அதிகம். தலைமை கர்னல் ஹியூ ரிச்சர்ட்ஸ்.

இன்று முகட்டைத் தெற்கிலிருந்து வடக்காக நடந்தேன். புத்தகத்து வரைபடங்களில் இது பெரிய போர்முனை. காலால் அளந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை. சாலையை ஒட்டி வரிசையாகக் குன்றுகள்: ஜி.பி.டி. முகடு, ஜெயில் குன்று, டி.ஐ.எஸ்., எஃப்.எஸ்.டி., குக்கி பிக்கெட், கேரிசன் குன்று. இந்தப் பெயர்களை விரித்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. டி.ஐ.எஸ். என்றால் அன்றாடப் பொருள் வழங்கும் கிடங்கு. எஃப்.எஸ்.டி. என்றால் உணவுப் பொருள் கிடங்கு. ஜி.பி.டி. என்றால் பொதுப் போக்குவரத்து. அரிசி மூட்டை எண்ணி, ரொட்டி சுட்டு, லாரி கழுவிய இடங்கள். ஒரு மாதத்துக்குள் அந்தக் குமாஸ்தாச் சுருக்கெழுத்துகள் எல்லாம் போர்க்களத்தின் பெயர்களாகிவிட்டன.

இன்று அந்தக் குன்றுகளின் மேல் வீடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. எங்கே ஒரு குன்று முடிந்து மறுகுன்று தொடங்குகிறது என்பது படி ஏறி இறங்கும் மூட்டுக்குத்தான் தெரிகிறது.

காவற்படைக்குத் தண்ணீர் வந்தது ஜி.பி.டி. முகட்டிலிருந்து. அது முதல் நாட்களிலேயே போய்விட்டது. குன்றுகள் இழந்ததைவிட இது பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன். கேரிசன் குன்றின் சரிவில் ஒரு சிறு ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் இருட்டிய பிறகுதான் அங்கே போக முடியும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு குவளைக்கும் குறைவு. ஏப்ரல் வெயில், வெடிமருந்துப் புகை, பிண நாற்றம், அதோடு அந்த ஒரு குவளை.

மாலை திரும்பியபோது வீட்டு வாசலில் தண்ணீர் லாரி. பின்கட்டில் ஏழு நீல டிரம்கள். மழை பிடிக்கும் வரை கொஹிமாவில் தண்ணீர் விலைக்குத்தான். “குளிப்பதற்கு ஒரு வாளி, தம்பி. தப்பாக நினைக்காதீர்கள்” என்றார் அம்மா. அரை வாளி போதும் என்றேன். இன்று அதற்கு மேல் ஊற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

ஏப்ரல் 6, கொஹிமா

நிலவரம்: ஜெயில் குன்று விழுந்தது.

அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். நேரில் பார்த்தபோதுதான் அந்த மூன்று சொற்களின் எடை புரிந்தது. ஜெயில் குன்று பக்கத்துக் குன்றைவிட உயரம். அதன்மேல் இருப்பவனுக்குக் கீழே டி.ஐ.எஸ். குன்றில் ஒருவன் பதுங்கு குழியிலிருந்து தலை நீட்டினாலும் தெரியும். அதை மறுபடி பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல், மே இரண்டாம் வாரம்வரை ஆனது. இங்கே நிலவரம் என்றால் முன்னேற்றம், பின்வாங்கல் என்று மைல் கணக்கில் பேசுவதில்லை. நாளுக்கு ஒரு குன்று, சில நாள் ஒரு குன்றின் பாதி.

ஊருக்குள் ஒரு லீ டாங்கி, சரிந்து நின்ற இடத்திலேயே கூரை போட்டுப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் அதன் அருகே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 7, ஜோட்சோமா

நிலவரம்: கொஹிமாவுக்கும் ஜோட்சோமாவுக்கும் இடையே சாலை அறுபட்டது. காவற்படை முழுதாக முற்றுகைக்குள்.

அறிவியல் கல்லூரி இருக்கும் ஜோட்சோமாவுக்குப் பஸ்ஸில் போனேன். வெஸ்ட் கெண்ட் படை சேர்ந்திருந்த 161-ஆவது பிரிகேடின் மீதிப் பட்டாலியன்கள் இங்கேதான் நின்றுவிட்டன. முன்னே போகவும் வழியில்லை. மறுநாள் பின்னால் ஜுப்சாப் பக்கமும் சாலை அடைபட, இவர்களும் முற்றுகைக்குள் சிக்கினார்கள்.

ஆனால் இங்கே பீரங்கிகள் இருந்தன. 24-ஆவது இந்திய மலைப் பீரங்கி ரெஜிமெண்ட். கோவேறு கழுதையின் முதுகில் பிரித்து ஏற்றிக்கொண்டு போகக்கூடிய 3.7 அங்குலப் பீரங்கிகள். முற்றுகைக்கு உள்ளே கேரிசன் குன்றில் பீரங்கிப்படை அதிகாரிகள் சிலர் உட்கார்ந்துகொண்டு, குண்டு எங்கே விழுந்தது, இன்னும் எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இங்கிருந்து அந்த அளவுக்குச் சுட்டார்கள்.

கல்லூரிக்குக் கீழே சாலை வளைவில் நின்று பார்த்தேன். பள்ளத்தாக்குக்கு அப்பால் கொஹிமா முகடு வெறும் கண்ணுக்கே தெரிகிறது. கட்டைவிரலை நீட்டிப் பிடித்தேன். கேரிசன் குன்று முழுவதும் நகத்துக்குள் அடங்கிவிட்டது. அந்த நகத்தளவு இடத்தில் பாதி நம்மவர், பாதி எதிரி. நடுவில் சில கஜ தூரம். ஒரு டிகிரி பிசகினால் குண்டு சொந்த ஆள் தலைமேல். இப்படி இரவு பகலாக, தாக்குதல் வரும் ஒவ்வொரு வேளையும் அந்த இடைவெளிக்குள் குண்டைப் போட்டார்கள் அந்த இந்தியப் பீரங்கிக்காரர்கள்.

கொஹிமா என்றால் வெஸ்ட் கெண்ட் படையைத்தான் உலகம் பேசுகிறது. பேசட்டும், தகுதி உள்ளவர்கள். ஆனால் இந்த வளைவில் நின்றவர்கள் இல்லாவிட்டால் அந்தக் குன்று ஒரு வாரம் தாங்கியிருக்காது. இங்கே ஒரு பெரிய பலகை வைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஏப்ரல் 8, கொஹிமா

நேற்றிரவு ஆரம்பித்த மழை இன்று மாலை வரை விடவில்லை. வீட்டில் எல்லாருக்கும் திருவிழா. அண்டா, டிரம், பிளாஸ்டிக் வாளி, குழந்தையின் குளியல் தொட்டி எல்லாம் கூரை விளிம்பின் கீழே வரிசை கட்டிவிட்டன.

அடுப்படியில் உட்கார்ந்து கல்ஹோ சாப்பிட்டேன். அரிசியைக் குழைய வேகவைத்து, கீரையும் புகையில் உலர்த்திய பன்றி இறைச்சியும் போட்ட கஞ்சி. தொட்டுக்கொள்ள ராஜா மிளகாய்ச் சட்டினி. ஒரு நுனிக்கே காது அடைத்தது.

நான் நோட்டை விரித்து வைத்திருப்பதைப் பார்த்து அம்மா கேட்டார்: “இதில் எங்கள் ஊர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?”

பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். ஏப்ரல் 5-இல் ‘நாகா கிராமம் ஜப்பானியர் வசம்’ என்று நான்கே சொல்லில் எழுதியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மாமியாருக்கு அப்போது ஒன்பது வயது. கூடையில் தம்பியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்களாம். எந்தப் பக்கம் ஓடினாலும் குண்டுச் சத்தம். மழைக்காலத்தில் திரும்பி வந்தபோது வீடு இல்லை, நெற்குதிர் இல்லை, வாசற்கல் மட்டும் இருந்தது. வீடுகள் எரிந்ததும் விதைநெல் போனதும் இந்த ஊர்க்காரர்களுடையது. அதோடு நின்றார்களா? இல்லை. காயம்பட்டவர்களைச் செங்குத்துச் சரிவுகளில் தோளில் சுமந்து இறக்கியதும், வெடிமருந்து ஏற்றியதும், எதிரி எங்கே இருக்கிறான் என்று வந்து சொன்னதும் நாகர்கள்தான். துணை ஆணையர் சார்ல்ஸ் பாசி முற்றுகை முழுவதும் இடத்தைவிட்டு நகராமல் இருந்ததை இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள்.

ஏப்ரல் 5-ஆம் பக்கத்தில் அந்த நான்கு சொற்களை அடித்துவிட்டு, அம்மா சொன்னதை முழுவதும் எழுதினேன். பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

ஏப்ரல் 9, கொஹிமா

நிலவரம்: டி.ஐ.எஸ். குன்று பாதி கையில், பாதி இல்லை. நேற்றிரவு துணை ஆணையர் பங்களாவும் போனது.

டி.ஐ.எஸ். குன்றில் ரொட்டிச் சூளைகள் இருந்தன, செங்கல்லால் கட்டியவை. ஊடுருவிய ஜப்பானியர் சிலர் அந்த அடுப்புகளுக்குள்ளேயே பதுங்கிச் சண்டை போட்டார்கள். இங்கேதான் லான்ஸ் கார்ப்பரல் ஜான் ஹார்மன். நேற்று, அதாவது 8-ஆம் தேதி, ஒரு யந்திரத் துப்பாக்கிக் குழியை நோக்கி அவர் தனியாகப் போனார். கையெறி குண்டின் பின்னைப் பிடுங்கிய உடனே எறியவில்லை. எறிந்தால் எதிரி எடுத்துத் திருப்பி வீச நேரம் இருக்கும். கையிலேயே வைத்து எண்ணி, கடைசி நொடியில் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்து துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்று காலை, குழி தோண்டிக்கொண்டிருந்த ஐந்து பேர் மேல் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து ஐவரையும் வீழ்த்தினார். திரும்பி நடந்து வரும்போது குண்டு பட்டது. நண்பர்கள் மடியில் உயிர் போனது. பிறகு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள்.

அவர் தந்தைக்கு இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் லண்டி என்று ஒரு தீவே சொந்தம். வசதியான வீட்டுப் பிள்ளை சாதாரணச் சிப்பாயாக இந்தச் சரிவில் கிடந்தார். மறுநாள், 10-ஆம் தேதி, டி.ஐ.எஸ். குன்றைக் கைவிட்டார்கள். ஹார்மன் மீட்டுக் கொடுத்த மண் ஒரு நாள்தான் கையில் இருந்தது. இதை நினைத்துக்கொண்டு அந்தச் சரிவின் படிகளில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே ஒரு பேக்கரியில் ரொட்டி வேகும் மணம் வந்தது.

ஏப்ரல் 10, போர்க் கல்லறை

கேரிசன் குன்று இன்று கல்லறைத் தோட்டம். 1,420 கல்லறைகள். படிப்படியாக ஏறும் புல்தரைகள், வரிசையாக வெண்கலப் பலகை பதித்த கற்கள், இடையில் ரோஜாச் செடிகள்.

நடுவே டென்னிஸ் மைதானம். துணை ஆணையர் பங்களாவுக்கு மேல் இருந்தது. பங்களா போனபின் இதுதான் முன்னணி. ஒரு பக்கம் ஜப்பானியர், மறுபக்கம் இவர்கள். ஆட்டக்கோடுகளை இப்போது வெள்ளைக் காங்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஓர் எல்லைக்கோட்டிலிருந்து மறு எல்லைக்கோடு வரை நடந்தேன். முப்பத்திரண்டு எட்டு. திரும்பவும் நடந்தேன், முப்பத்தொன்று. இந்த முப்பத்திரண்டு எட்டுக்கு ஏப்ரல் 9 முதல் மே 13 வரை சண்டை நடந்தது. கடைசியில் ஒரு டாங்கியை மேலே ஏற்றிக் கொண்டுவந்து, பதுங்கு குழிகளின் வாயிலேயே சுட்டுத்தான் டார்செட் ரெஜிமெண்ட் இதைப் பிடித்தது. ஓரத்தில் ஒரு செர்ரி மரம். பழைய மரத்தில் ஜப்பானியக் குறிசுடுநர் பதுங்கியிருந்தார். அது போரில் அழிந்தது, அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது இப்போது நிற்கிறது.

எல்லாரும் கீழே, முற்றுகையை உடைக்க வந்த பிரிட்டிஷ் இரண்டாவது டிவிஷனின் நினைவுக்கல் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ‘உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம்’ என்ற வரி அதில்தான் இருக்கிறது. நான் உச்சிக்கு ஏறினேன். அங்கே ஒரு சுவர். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் நினைவு. இவர்களுக்குத் தனித்தனிக் கல் இல்லை, ரோஜாச் செடி இல்லை. பெயர் மட்டும். மழையில் எழுத்துகளுக்குள் நீர் தேங்கியிருந்தது. ஒவ்வொரு வரியாக விரலால் துடைத்துக்கொண்டே படித்தேன். பாதிகூட முடிக்கவில்லை, மூடும் நேரம் என்று காவலாளி வந்துவிட்டார். என் விரலைப் பார்த்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் கொடுத்தார்.

ஏப்ரல் 11, திமாப்பூர்

விடுப்பு முடிந்தது. முற்றுகை முடியவில்லை. மீதிப் பக்கங்களைச் சுமோவில் இறங்கி வரும்போது படித்தேன்.

13: காயம்பட்டவர்கள் கிடந்த சிகிச்சை இடத்தின் மேலேயே குண்டு விழுந்தது. மருத்துவர் இருவர் இறந்தனர். விமானம் போட்ட பொருள்கள் பல எதிரி பக்கம் விழுந்தன. காவற்படையினர் இதைக் ‘கருப்புப் பதின்மூன்று’ என்றார்கள்.

14: இரண்டாவது டிவிஷன் ஜுப்சா அருகே சாலைத் தடையை உடைத்தது.

17, இரவு: எஃப்.எஸ்.டி.யும் குக்கி பிக்கெட்டும் விழுந்தன. மிச்சம் 350 கஜச் சதுரம்.

18: முதலாம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் டாங்கிகளோடு உள்ளே வந்து சேர்ந்தது. காயம்பட்டவர்களை லாரிகளில் ஏற்றினார்கள். ஏற்றும்போதும் சுட்டார்கள்.

20: வெஸ்ட் கெண்ட் படை கேரிசன் குன்றைப் பெர்க்‌ஷயர் படையிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கியது.

குன்றுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடிக்க இன்னொரு மாதத்துக்கு மேல் ஆனது. சாடோவின் ஆட்கள் மூன்று வார அரிசியில் எட்டு வாரம் நின்றார்கள். அரிசியும் வரவில்லை, குண்டும் வரவில்லை. மே 31-இல் அவர் மேலிட உத்தரவை மீறிப் பின்வாங்கினார். அதற்காகப் பதவி பறித்து, மனநிலை சரியில்லை என்று முத்திரை குத்தினார்கள். பட்டினியில் சாகவிருந்த மிச்சப் பேரைக் காப்பாற்ற முயன்ற மனிதர் அவர் என்றே எனக்குப் படுகிறது. ஜூன் 22-ஆம் தேதி, 109-ஆவது மைல்கல் அருகே, கொஹிமாவிலிருந்து வந்தவர்களும் இம்பாலிலிருந்து வந்தவர்களும் சந்தித்தார்கள். சாலை திறந்தது.

அந்தக் காயம்பட்டவர்களின் லாரிகள் இறங்கியது இதே வளைவுகளில்தான். அதற்கும் இரண்டு ஆண்டுக்கு முன் என் தாத்தா நடந்து இறங்கியதும் இவற்றில்தான். ஜுப்சாவில் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, மலையிலிருந்து மூங்கில் குழாயில் இறங்கும் தண்ணீரை ரேடியேட்டருக்குப் பிடித்தார். நானும் இறங்கி என் பாட்டிலை நீட்டினேன். நிரம்பி வழிந்து, கை நனைந்து, சட்டைக்குள் ஓடும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.